கேள்வி – பதில்: டோக்கியோவில் இரண்டு பேர், ஈப்போவில் ஒரு கோப்பிக்கடை

போன இதழில், 2003-ல் வந்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' என்ற படத்தைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன், முடிந்தால் பாருங்கள் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்தே பாதிக்கு மேல் வந்திருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு படம்தான். மற்ற கேள்விகளை அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையூர் வாசகர்: நீங்கள் சொன்னதற்காக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றுமே நடக்கவில்லை. சண்டை இல்லை, வில்லன் இல்லை, காதல்கூட இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இதில் கதை எங்கே இருக்கிறது?

கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பாப் ஹாரிஸ் என்று ஓர் அமெரிக்க நடிகர், ஒரு காலத்தில் பெரிய ஸ்டார், இப்போது மார்க்கெட் இறங்கிவிட்டது, சன்டோரி விஸ்கி விளம்பரத்தில் நடிக்க 20 லட்சம் டாலர் பேசி டோக்கியோ வருகிறார். அதே ஓட்டலில் ஷார்லட் என்று ஒரு பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம், படிப்பு முடிந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று பிடிபடவில்லை. கணவன் போட்டோகிராபர், அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டால் இவள் ஜன்னல் திட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. பாரில் சந்திக்கிறார்கள், சில நாள் சேர்ந்து ஊர் சுற்றுகிறார்கள், அப்புறம் அவர் ஊருக்குக் கிளம்புகிறார். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதை இன்னொரு தடவை பாருங்கள். நடுராத்திரி தாண்டி, விடியற்காலை நாலு மணிக்கு மேல், பாப்பின் அறையில் ஃபாக்ஸ் மெஷின் சத்தம் போட்டு ஒரு தாளைத் தள்ளுகிறது. அமெரிக்காவிலிருந்து மனைவி அனுப்பியிருக்கிறார், பாப்பின் படிப்பறைக்கு எந்த மாதிரி அலமாரி வேண்டும் என்று கேட்டு. அப்புறம் ஒரு நாள் பார்சலில் கார்ப்பெட் துண்டுகள் வருகின்றன, நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லி. எல்லாம் ஏறக்குறைய ஒரே சிவப்பு. அவர் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறார். அந்த மனைவி கெட்டவர் இல்லை, பிள்ளைகளை வளர்க்கிறார், வீட்டைக் கவனிக்கிறார், கணவனைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று நினைக்கிறார். ஆனாலும் 25 வருஷத் தாம்பத்தியத்தில் இரண்டு பேருக்கும் பேச மிச்சமிருப்பது கார்ப்பெட் நிறம்தான் என்று நமக்கு அந்தத் துண்டுகளிலேயே தெரிந்துவிடுகிறது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்தப் படத்தில் சம்பவம் என்பது இவ்வளவுதான், எனக்கு இது போதும், நிறைய.

தேவகோட்டை வாசகி: கல்யாணமான ஆணும் கல்யாணமான பெண்ணும் ஒரே கட்டிலில் படுத்துப் பேசுகிறார்கள். அதை நட்பு என்று எழுதுகிறீர்கள். மனசாட்சியோடு சொல்லுங்கள், அது நட்பா?

மனசாட்சியோடு சொல்கிறேன், ஆமாம். அதில் ஈர்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், படமும் அப்படி நடிக்கவில்லை. பாப் ஒன்றும் உத்தமரும் இல்லை, நடுவில் அந்த ஓட்டல் பாடகியோடு ஓர் இரவைக் கழித்துவிடுகிறார், அது தெரிந்ததும் ஷார்லட்டுக்கு முகம் விழுந்துவிடுகிறது. மறுநாள் இருவரும் சாப்பிடப் போகிறார்கள். மேஜையில் கொதிக்கும் சட்டி, நாமே கறித் துண்டைப் போட்டு வேக வைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டொரு குத்தல் பேச்சோடு அந்தச் சாப்பாடு முடிகிறது. அந்தக் கோபத்தில் உரிமை இருக்கிறது, அந்த உரிமைக்கு என்ன பெயர் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி ஓட்டலில் தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்து நிற்கும்போது இருவரும் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள், கோபம் கரைகிறது.

நீங்கள் சொல்லும் கட்டில் காட்சி. அவள் கேட்பது என்ன? வயசானால் வாழ்க்கை லேசாகுமா, கல்யாண வாழ்க்கை லேசாகுமா என்று. அவர் மழுப்பாமல் பதில் சொல்கிறார். பிள்ளை பிறந்த நாளின் பயத்தைச் சொல்கிறார், அப்புறம் அந்தப் பிள்ளைகள் பேசவும் நடக்கவும் ஆரம்பித்த பிறகு அவர்களைவிடப் பிரியமான ஆட்கள் உலகத்தில் இல்லை என்று ஆகிவிடுவதையும் சொல்கிறார். கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போகிறாள். அவர் கை, அடிபட்ட அவள் கால்மேல் லேசாக இருக்கிறது. நம் ஊரில் ஒரு சின்னப் பெண்ணுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். மாமியாரிடம் கேட்க முடியாது, அம்மாவிடம் கேட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும், தோழியிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், நாளைக்கு நம்மைப் பார்க்கப் போகாத ஆள், அவரிடம்தான் சில விஷயங்களைக் கேட்க வாய் வரும். ரயிலில் எதிர் சீட்டு ஆச்சியிடம் நாம் எத்தனை சொல்லியிருக்கிறோம்!

புதுவயல் வாசகர்: குடும்பத்தோடு பார்க்கலாமா?

பெரியவர்கள் சேர்ந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், ஒரு கிளப் காட்சி இருக்கிறது.

காரைக்குடி கல்லூரி மாணவர்: குறும்படம் எடுக்க ஆசை. இந்த மாதிரி அமைதியான படத்தை எழுதுவது எப்படி? வசனமே இல்லாமல் எப்படித் தைரியமாக எடுத்தார்கள்?

முதலில் செலவுக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் தைரியத்தில் சேர்த்திதான். மொத்தம் சுமார் 40 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்குக்கு அது சில்லறை. 27 நாளில் படப்பிடிப்பை முடித்தார்கள். தெருவிலும் ரயிலிலும் பல இடங்களில் அனுமதிகூட இல்லாமல் ஒரு சின்னக் குழு ஓடி ஓடி எடுத்தது. ஒளிப்பதிவாளர் லான்ஸ் அக்கார்ட் பெரிய விளக்குகளை நம்பாமல், கடை வெளிச்சத்திலும் விளம்பரப் பலகை வெளிச்சத்திலும் முகத்தைப் பிடித்தார், அதற்குத் தோதாக, குறைந்த வெளிச்சத்திலும் பதிகிற வேகம் கூடிய ஃபிலிமைப் போட்டுக்கொண்டார். எழுதி இயக்கிய சோஃபியா கொப்பலாவுக்கு இது இரண்டாவது முழுநீளப் படம், திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. பாப்பாக நடித்த பில் மரே வருவாரா மாட்டாரா என்பது கடைசி வரை இழுபறியாக இருந்தது, ஒப்பந்தம்கூடப் போடாமல் டோக்கியோவில் வந்து இறங்கினார். ஷார்லட்டாக நடித்த ஸ்கார்லெட் ஜொஹான்சனுக்குப் படப்பிடிப்பின்போது 17 வயசுதான்.

இனி எழுத்து. வசனம் இல்லை என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை தம்பி. வசனம் இருக்கிறது, முக்கியமானதை வசனத்தில் வைக்கவில்லை. ஷார்லட் தனியாக ரயில் ஏறி கியோட்டோ போகிறாள். கோயில் வளாகத்தில் ஒரு கல்யாண ஜோடி பழைய முறை உடையில் நடந்து வருகிறது. மாப்பிள்ளை கையை நீட்டுகிறார், பெண் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஷார்லட் தூரத்திலிருந்து பார்க்கிறாள். அப்புறம் ஒரு சீட்டை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போகிறாள். தன் கல்யாணத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது அதில் மொத்தமும் இருக்கிறது. நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு தோழியைக் கொண்டுவந்து "என்னடி யோசிக்கிறே?" என்று கேட்க வைத்திருப்பீர்கள், பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் செய்வோம். அந்தத் தோழியை எடுத்துவிடுங்கள். குறும்படத்துக்கு இப்போதைக்கு இந்த ஒரு வேலை போதும்.

நீங்கள் இருப்பது ஏவி.எம். ஸ்டூடியோ ஆரம்ப நாளில் இருந்த ஊர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தைக் காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்தார்கள். வசதி இல்லை என்று காத்திருக்க வேண்டாம்.

ஒசாகாவில் வேலை செய்யும் கண்டனூர்க்காரர்: எட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஜப்பானியரைக் கேலிப்பொருளாக்கிய படம் இது. அதை எப்படி நீங்கள் கொண்டாடலாம்?

உங்கள் வருத்தம் சரியானது, போன இதழில் இதை நான் எழுதாமல் விட்டது குறை. படம் வந்தபோதே இந்த எதிர்ப்பு இருந்தது. குளியலறை ஷவர் உயரம் போதவில்லை என்று ஒரு சிரிப்பு, ஆங்கில எழுத்தை உச்சரிக்க வரவில்லை என்று ஒரு சிரிப்பு, இவை இல்லாமலே இந்தப் படம் நின்றிருக்கும். நம் தமிழைக் கேட்டு வெளியூரில் எவனாவது சிரித்தால் நமக்கு எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர்கள்தானே நாம். பாப்பும் ஷார்லட்டும் அந்த ஊரில் ஆழமாகப் பேசிப் பழகும் ஜப்பானியர் என்று யாருமே கிடையாது. அவளுடைய ஜப்பானிய நண்பர்கள் சில பேர் ஒரு ராத்திரி வந்து, சேர்ந்து பாடி, கலகலப்பாக இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருப்பதாகப் படம் கவனிக்கவில்லை.

ஒரு காட்சியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விஸ்கி விளம்பரப் படப்பிடிப்பு. இயக்குநர் ஜப்பானிய மொழியில் நிறுத்தாமல், உணர்ச்சியோடு, நீளமாக ஏதோ சொல்கிறார். மொழிபெயர்க்கும் அம்மா அதை ஒரே வரியில் சுருக்கி, இந்தப் பக்கம் திரும்பி, அழுத்தமாகப் பாருங்கள் என்கிறார். அவ்வளவுதானா, அவர் அதிகம் சொன்ன மாதிரி இருந்ததே என்று பாப் திகைக்கிறார். திரையில் சப்டைட்டில் போடவில்லை. அங்கே புரியாமல் முழிப்பது பாப்பும் நாமும்தான், ஜப்பானியர் இல்லை. முதல் நாள் வேலைக்குப் போன உங்களுக்கு அது நடந்திருக்கும்.

அறந்தாங்கி வாசகி: கடைசியில் கூட்டத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக் காதில் ஏதோ சொல்கிறாரே, என்ன சொன்னார்? நாலு தடவை ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டேன்.

கேட்காது. கேட்கக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க நிறையப் பேர் ஒலியைச் சுத்தப்படுத்தி அது இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள், நான் அவற்றை நம்புவதும் இல்லை, தேடுவதும் இல்லை. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி, நெரிசலில் போய் அவளைக் கண்டுபிடித்துச் சொன்ன சொல், அது அவளுக்கு. ஏன் தேட மாட்டேன் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த பதிலில் வருகிறது.

கானாடுகாத்தான் வாசகர்: வெளிநாட்டில் தனிமை என்று எழுதுகிறீர்கள். அந்த நாளில் நம் ஊரிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களைவிடத் தனிமையைப் பார்த்தவர்கள் உண்டா? ஐந்து நட்சத்திர ஓட்டலில் இருப்பவனுக்கு என்ன தனிமை?

உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் போன நம் ஆட்கள் மூன்று வருஷக் கணக்கில் போனார்கள். பெண்டு பிள்ளை இங்கே, அவர் அங்கே. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், கடையும் தங்குமிடமும் அதுதான், ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைகள், ஆளுக்கு ஒரு பெட்டி, ஓர் அலமாரி, பகலில் பணப்பெட்டி முன்னால், பெட்டியடியில், கணக்கு, ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுக்கை. பொதுச் சமையல். திரும்பி வரும்போது பிள்ளைக்கு நடை வந்திருக்கும், அப்பச்சியைப் பார்த்துப் பயந்து ஆத்தா பின்னால் ஒளியும். இன்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம் வீட்டு வளவில் நின்று பர்மாத் தேக்குத் தூணையும், சுவரில் பதித்த ஜப்பான் பூ ஓடுகளையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தூணுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பில்லில் இருக்காது.

எங்கள் ஐயா, தாத்தாதான், 1935-ல், 15 வயசில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். மலாயாவில், ஈப்போவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன். இரண்டாவது கணக்குக்கு 1939-ல் போனவர் யுத்தத்தில் மாட்டிக்கொண்டு 1946-ல்தான் ஊர் திரும்பினார். ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வாழைமரம் போட்ட நோட்டு ஒரு கட்டு வைத்திருந்தார், யுத்தம் முடிந்த அன்று அது வெறும் காகிதமாகிவிட்டது என்பார், அவ்வளவுதான்.

ஆனால் தகரப் பெட்டியில் அந்த நோட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மங்குக் கோப்பை இருந்தது. வெள்ளையில் நீல மீன் வரைந்தது, வாய் விளிம்பில் கடுகளவு உடைந்தது, வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருப்பார். கடைக்கு எதிரே ஒரு சீனருடைய கோப்பிக்கடை. இரவு கணக்கு முடித்துக் கடை கட்டியதும் அங்கே போய் அரை மணி உட்காருவாராம். ஐயாவுக்குச் சீனம் தெரியாது, அந்தச் சீனருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் தெரிந்தது அரைகுறை மலாய். "சுடா மாக்கான்?" என்று அவர் கேட்பார், சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், ஐயா ஆச்சு என்பார், அதற்கு மேல் பேச்சு எப்போதாவதுதான். யுத்த காலத்தில் சீனர்களுக்கு நடந்த கொடுமைகளில் அந்தக் கடை பல நாள் பூட்டிக் கிடந்தது என்றும், ராத்திரியில் பின்வாசல் வழியாக ஐயா அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும் அப்பத்தா ஒரு தடவை சொன்னார். கப்பல் ஏறும் அன்று அந்த மனிதர் துறைமுகத்துக்கு வர முடியாது என்று ஈப்போ ரயில் நிலையத்துக்கு வந்து கோப்பையைக் கொடுத்திருக்கிறார். ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஐயா கோப்பையைத் துடைத்துச் சுற்றி வைத்துவிட்டு, "போய்ச் சாப்பிடுங்க" என்பார். அந்தச் சீனர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதற்கு அப்புறம் இருவரும் சந்திக்கவில்லை, கடிதம் இல்லை, எந்த மொழியில் எழுதுவது?

அதனால்தான் எனக்கு அந்தப் படம் ஓட்டல் படமாகத் தெரியவில்லை. பாப்பின் படுக்கை மெத்தை, ஐயாவின் படுக்கை கோரைப்பாய், வித்தியாசம் பெரியது, மறுக்கவில்லை. 15 வயசுப் பையன் பசியையும் பயத்தையும் சேர்த்துத் தாங்கினான், பாப்புக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குக் கண் விழித்து, நம் பேச்சைப் பேசும் ஒரு குரலும் பக்கத்தில் இல்லை என்று உணர்கிற நேரத்தில் மெத்தை எதுவும் செய்யாது.

பள்ளத்தூர் வாசகி: என் மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் ஏழு மாசம் ஆகிறது. தினம் போன் பேசுகிறான், நல்லா இருக்கேன்மா என்கிறான். நீங்கள் சொன்ன படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அந்தப் பெண் போனில் அழுகிறாளே, என் பிள்ளையும் அப்படி இருப்பானோ? சீப்புச் சீடையும் மனகோலமும் செய்து ஆள் மூலம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன செய்ய?

ஆச்சி, நீங்கள் சொல்லும் காட்சியை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஷார்லட் அமெரிக்காவில் இருக்கும் தோழிக்குப் போன் போடுகிறாள். இன்றைக்கு ஒரு கோயிலுக்குப் போனேன், துறவிகள் ஓதினார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொல்லும்போது குரல் உடைகிறது. அந்தப் பக்கம் தோழிக்கு ஏதோ வேலை, ஒரு நிமிஷம் இரு என்று போய்விட்டு வந்து, என்ன சொன்னாய் என்கிறாள். இவள் ஒன்றும் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாள். வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தோழி மேல் தப்பே இல்லை. அந்த ஒரு நிமிஷம் தவறிப்போனது, அவ்வளவுதான்.

உங்கள் பையன் அழுகிறான் என்று நான் சொல்ல மாட்டேன், ஏழு மாசத்தில் நன்றாகவே பழகியிருக்கலாம். ஆனால் நல்லா இருக்கியா என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும், கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அதே கதைதான், சாப்பிட்டேன் என்பான், நீங்களும் நிம்மதியாக வைத்துவிடுவீர்கள். யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் யார், எந்த ஊர், அவன் என்ன சமைப்பான், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். பெயர் ஏதாவது வந்தால், அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு மறுநாள் அவனையும் விசாரியுங்கள். பெயரே வரவில்லை என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், தைப்பூசத்துக்குத் தண்டாயுதபாணி கோயிலில் நம் ஊர்க்காரர்கள் கூடுவார்கள், போய்வா என்று சொல்லுங்கள். போகும்போது அறையில் இருக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி.

சீப்புச் சீடையை அவசியம் அனுப்புங்கள். ஆனால் ஒரு படி போடுகிற இடத்தில் இரண்டு படி போடுங்கள், இரண்டு டப்பாவாகப் பிரித்துக் கட்டுங்கள், ஒன்று அந்தப் பையனுக்கு.